நீதியின் இரு செவிகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாந் தலைப்பு, சமஷ்டி அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்கள் பால்வேறுபாடு காட்டுதலைத் தடைசெய்தது. பாலியல் துர்நடத்தை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் கடமை அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு இதன்வழி வந்ததே. அக்கடமை பற்றிய விவாதம் எழுந்ததும் அறிஞர் இரு அணிகளாகின்றனர். முறைப்பாட்டாளரின் துயரைப் பேசுவோர் ஓர் அணி; குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமையைப் பேசுவோர் மறு அணி. ஒருவர்க்கு வழங்கும் உரிமை மற்றவரிடமிருந்து பறிக்கப்படுவதே என்பது இரு சாராரும் ஆராயாது ஏற்றுக்கொண்ட எடுகோள். அவ்வெடுகோளே பிழையானது.

மிச்சிக்கன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள் இதற்குச் சான்று பகரும். மிச்சிக்கன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர் லறி நாசர் மீது 2014இல் முறைப்பாடொன்று எழுந்தது. அவர் செய்தது சிகிச்சையா என்பதை அறிய, அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, அவரை அறிந்த வல்லுநரிடமே கருத்துக் கேட்கப்பட்டது. அவர் விடுவிக்கப்பட்டார், 2016 வரை பணியில் நீடித்தார். 2018இல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அவராற் பட்ட துன்பத்தை நீதிமன்றில் எடுத்துரைத்தனர். அதே ஆண்டு பல்கலைக்கழகம் 50 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உடன்பட்டது.

மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது வேறு. மாணவனொருவனுக்குச் சார்பாக விசாரணையாளர் கண்ட முடிவை, மேன்முறையீட்டுச் சபை ஒரு சாட்சியையேனும் நேரிற் கேளாது மாற்றிற்று. இருவர் கூற்றுகளுள் எது நம்பத்தக்கது என்பதே பிரச்சினையாகுமிடத்துக் குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பளித்தல் அரச பல்கலைக்கழகத்தின் கடமை என, ஆறாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

ஓரிடத்திற் பெண்ணின் முறைப்பாடு வீழ்ந்தது. மற்றோரிடத்தில் மாணவனின் மறுப்பு வீழ்ந்தது. நோய் ஒன்றே. சான்று சோதிக்கப்படவில்லை. தன் நற்பெயரைக் காக்க விழையும் நிறுவனமே விசாரணையாளராகவும் நீதிபதியாகவும் அமர்ந்தது.

குறுக்கு விசாரணை முறைப்பாட்டாளரை மீண்டும் வதைக்கும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயின் 2020ஆம் ஆண்டு விதிகள், ஒருவரையொருவர் நேரில் வினவுதலைத் தடுத்து, ஆலோசகர் வாயிலாகவே வினவச் செய்தன. விரும்பின் வெவ்வேறு அறைகளில் இருத்தற்கும் இடமளித்தன. வதையைத் தவிர்க்க வழியிருக்க, வினாவையே தவிர்ப்பது ஏன்? சோதிக்கப்படாத தீர்ப்பு நீதிமன்றிற் கவிழும்போது அதன் சுமையை மீண்டும் தாங்குபவர் முறைப்பாட்டாளரே.

மறு அணியினரும் தூயவரல்லர். அதே விதிகள், விரோதச் சூழல் என்ற வகையில் வரும் தொல்லை கடுமையானதும், பரந்ததும், வெறுக்கத்தக்கதும் ஆகிய மூன்றுமாய் இருத்தல் வேண்டும் என்றன. இது குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமையன்று. நிறுவனத்தின் பொறுப்பைச் சுருக்கும் உபாயம். உரிமை என்னும் பெயர் அதற்குப் போர்வையாயிற்று.

2011இல் அரசின் கடிதமொன்று வந்தது. 2017இல் அது மீளப்பெறப்பட்டது. 2020இல் ஒரு விதி, 2024இல் வேறொரு விதி. பின்னையதை 2025 ஜனவரியில் நீதிமன்று நீக்க, முன்னையது மீண்டது. ஆட்சி மாறுந்தோறும் நியாயத்தின் இலக்கணமும் மாறுமாயின் அது நியாயமன்று. வெற்றிபெற்ற கட்சியின் கொடியே.

அறிவித்தல், சான்றுகளைக் காணும் உரிமை, பக்கஞ்சாராத் தீர்ப்பாளர், மேன்முறையீடு ஆகியன இருவர்க்கும் ஒருங்கே உரியவை. இவற்றைக் குற்றவாளியின் கேடயமென இகழ்பவர், நாளை அப்பாவியொருத்தியின் வாக்குமூலத்தைக் காக்க எந்தக் கேடயத்தைத் தேடுவர்?