ஷெரிக்குப் பெயர் ஈந்த ஊர்

சேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தைப் பயின்ற மாணவர், அதன் இரண்டாம் பாகத்திலே பால்ஸ்டாப் என்னும் பருவுடல் வீரன் 'ஷெரிஸ்' என்ற மதுவை வாயாரப் புகழ்வதை அறிவர். மதுவின் பெருமை பேசுதல் எமது கருத்தன்று. அச்சொல் ஓர் ஊரின் பெயர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியிலே, காடிஸ் துறைமுகத்துக்கு அணித்தாக, 'ஹெரெஸ் டி லா பிரொன்டெரா' என்னும் நகரம் உள்ளது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அராபியர் அதனை 'ஷெரிஷ்' என வழங்கினர். 1264 இல் கஸ்தீல் மன்னன் பத்தாம் அல்பொன்சோ அதனைக் கைப்பற்றினான். ஸ்பானியரும் அக்காலத்தில் 'ஷெரெஸ்' என்றே ஒலித்தனர். கிரனாடா என்னும் முஸ்லிம் அரசுக்கு எதிரே எல்லைப்புறமாக நின்றமையால், 'எல்லைப்புறத்து' எனப் பொருள்படும் அடைமொழி ஊர்ப்பெயரோடு சேர்ந்தது. 1492 இல் கிரனாடா வீழ்ந்தது, எல்லை ஒழிந்தது, அடைமொழி மட்டும் ஒழியவில்லை.

இவ்வூர் மதுவை விரும்பி வாங்கிய ஆங்கிலேயர், அதனை ஊர்ப்பெயராலேயே 'ஷெரிஸ்' என்றனர். பின்னர் ஈற்றிலுள்ள ஸகரத்தைப் பன்மை விகுதியென மயங்கி, அதனைக் களைந்து, 'ஷெரி' என ஒருமையாக்கினர். பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்னும் ஆங்கிலச் சொல் 'பீ' எனக் குறுகியதும் இவ்வாறே. இதற்கிடையில் ஸ்பானிய மொழியிலே ஷகர ஒலி தொண்டையிற் பிறக்கும் ஒலியாகத் திரிந்தது. 'ஷெரெஸ்', 'ஹெரெஸ்' ஆயிற்று. ஊரார் கைவிட்ட பழைய ஒலியை, பிழைபட வழங்கிய அயலாரே பேணிவைத்தனர்!

ஆயினும் அப்பிழையால் ஊருக்கு இழப்பும் நேர்ந்தது. 'ஷெரி' என்பதில் ஊரின் பெயர் தோன்றாமையால், பலர் அதனை ஒருவகை மதுவின் பொதுப்பெயரெனக் கொண்டனர். பிற நாடுகளிற் செய்த மதுவும் அப்பெயர் பூண்டது. வழக்கு இலண்டன் நீதிமன்றம் வரை சென்றது. அடைமொழியின்றி நிற்கும் 'ஷெரி' ஹெரெஸ் பகுதி மதுவையே குறிக்குமென 1967 இல் தீர்ப்பாயிற்று. எனினும் 'பிரித்தானிய ஷெரி' போன்ற தொடர்கள் நெடுநாள் வழக்குப்பற்றி விலக்கப்படவில்லை. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலே அவற்றுக்கும் இடமில்லாது போயிற்று.

இன்று அம்மதுவின் முத்திரையிலே ஸ்பானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழி வடிவங்களும் அருகருகே பொறிக்கப்படுகின்றன. மாணவர்களே, சிதைந்த ஊர்ப்பெயர் ஒன்றைக் காணுமிடத்து அதனை எள்ளி நகையாடாதீர். அதனை முதலில் உச்சரித்தவர் யாவர், மாற்றி உச்சரித்தவர் யாவர் என வினவுங்கள். அவ்வூரின் வரலாறு அங்கே தொடங்கும்.