மணி பார்த்தால் தோல் பதமாகுமா?

மாதனூரைத் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் போனால் டேனரி வாசம் மூக்கில் ஏறும். அங்கே குரோமியக் கரைசலோடு டிரம்மில் சுழலும் தோல் பதமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? மணியை மட்டும் பார்த்து அல்ல. தடித்த இடத்தில் ஒரு துண்டை நறுக்கி, நீலநிறம் நடுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதையே கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். சுருங்கினால், டிரம் இன்னும் ஓட வேண்டும். பச்சைத்தோல் 65 டிகிரி சூட்டுக்குள்ளேயே சுருண்டுவிடும். குரோம் நன்றாக ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். தோலின் தடிமன், தண்ணீர், குளிர் எல்லாம் நேரத்தை மாற்றும் என்பதால்தான் இந்தச் சோதனை.

இந்தப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான் தேவைப்படுகிறது.

ஒரு ஆப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான சோதனைகளைக் கம்ப்யூட்டரே ஓட்டிப் பார்க்கும். ‘பட்டனை அழுத்து, 2 வினாடி பொறு, பணம் போய்விட்டதா பார்’ என்று யாரோ எழுதி வைத்திருப்பார். அவர் லேப்டாப்பில் பாஸ். வேலைப்பளு மிகுந்த சர்வரில் 3 வினாடி ஆகிவிட்டால் ஃபெயில்! ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி ஓட்டினால் பாஸ். இதற்கு ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்று பெயர். தன்னிடமுள்ள சோதனைகளில் சுமார் 16 சதவீதத்தில் இந்தச் சலனம் ஓரளவு இருப்பதாக 2016-ல் கூகுளே சொன்னது.

‘புலி வருது’ கதைதான். சிவப்பு விளக்கைக் கண்டதும் ‘சும்மா, இன்னொரு தடவை ஓட்டு’ என்று பழகிய கை, நிஜமான தவறு வரும் அன்றும் அதையேதான் செய்யும். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் கழியும் கோளாறு இப்படி நழுவி உங்கள் போனுக்கே வந்து சேரலாம்.

2 வினாடியை 10 ஆக்கிவிட்டால்? சோம்பேறி வைத்தியம். நூறு சோதனைக்கு 800 வினாடி கூடுதல். அப்போதும் ஒருநாள் 11 வினாடி ஆகும். ‘பொறு’ என்ற வரியையே எடுத்துவிட்டு, ‘பணம் போனது’ என்ற தகவல் வரும்வரை பார்த்துக்கொண்டிரு, வந்ததும் நகர் என்று எழுதுவதே சரி. சோதனை தொங்கிப்போகாமல் இருக்க, தாராளமாக ஒரு கடைசி வரம்பு போதும்.

ஓ.டி.பி. 5 நிமிடத்தில் காலாவதியாகிறதா என்று பார்க்கவும் காத்திருக்க வேண்டாம். ஆப்புக்கு ஒரு பொய்க் கடிகாரத்தைக் கொடுத்து, ‘6 நிமிடம் ஆயிற்று’ என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் வேகத்தை யார் பார்ப்பது? அதற்குத் தனி மெஷின். வேறு வேலை எதுவும் ஓடாத அதில் பலமுறை ஓட்டி, போன வாரத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.