பஸ் டிக்கெட்டுக்குப் பதில் ஒரு பூ

நம் ஆண்பிள்ளைகள் படித்த பக்கத்துக்கு அடையாளமாகப் புத்தகத்துக்குள் எதையெல்லாம் வைக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். பஸ் டிக்கெட், மெடிக்கல் ஷாப் பில், கல்யாணப் பத்திரிகையில் கிழித்த பாதி, ஏ.டி.எம். சீட்டு (பாலன்ஸ் தெரியாதபடி மடித்து), தீர்ந்துபோன ரீஃபில், ரொம்ப அவசரத்துக்குச் சீப்பு. இதில் எதுவும் அகப்படாத பிரகிருதிகள் பக்கத்தின் காதை மடக்கிவிடுவார்கள். அதுவும் இரவல் புத்தகத்தில்! கருட புராணத்தில் இவர்களுக்கென்று ஒரு எண்ணெய்ச் சட்டி தனியாக இருக்க வேண்டும்.

இவர்களுக்கு ஒரு யோசனை. பூவை அழுத்திக் காயவைத்து, வீட்டிலேயே புக்மார்க் செய்யுங்கள். செலவு அனேகமாக இல்லை.

'பூவா? அது லேடீஸ் சமாசாரமாச்சே சார்' என்று நெளிய வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் லூகா கினி என்ற புரொபசர் செடிகளை அழுத்திக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாத்தார். நம் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று ஓர் இடம். (பெயரில் மெட்ராஸ், இருப்பு கோவை. டிரான்ஸ்ஃபர் ஆகியும் பழைய ஊர்ப் பெருமையை விடாதவர்கள் உங்கள் ஆபீசிலும் இருப்பார்கள்.) அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகொடிகள் இப்படிக் காய்ந்துதான் காகிதத்தில் படுத்திருக்கின்றன. அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்ஸன் சின்ன வயசில் ஒட்டிவைத்த 424 செடிகள் இன்றும் ஹார்வர்டில் பத்திரமாக இருக்கின்றன. காலையில் வாங்கினால் சாயங்காலம் வாடும் சமாசாரம், ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது என்றால் சும்மாவா?

முதல் கட்டம் ஆள் எடுப்பு. இங்கே ஒல்லியானவர்களுக்குத்தான் வேலை. குண்டுமல்லி, முழு ரோஜா, சாமந்தி எல்லாம் தண்ணீர்ச் சத்தோடு தடியாக இருப்பதால் காய்வதற்குள் கறுத்துவிடும். வேண்டுமானால் இதழ் இதழாகப் பிரித்து எடுங்கள். நித்தியகல்யாணி உத்தமம். அஞ்சு இதழும் தட்டையாக, அழுத்துவதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். சங்குப்பூவும் சரி. காகிதப்பூவுக்குப் பாதி வேலை கடவுளே முடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் நாம் பூ என்று நினைப்பது பூவே இல்லை, நிறம் மாறின இலை. நடுவில் குட்டியாக வெள்ளையாக நிற்பதுதான் நிஜப் பூ. (வேலை செய்கிறவர் ஒருத்தர், பேர் வாங்குகிறவர் வேறொருத்தர். ஆபீஸ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) அரளி மட்டும் வேண்டாம். விஷம். புக்மார்க்கைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறவர்கள் நம்மில் உண்டு.

வெயில் ஏறி, ஈரம் காய்ந்தபிறகு பறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுந்திருக்கும் நேரம் கச்சிதமாகப் பொருந்தும். வழவழப்பில்லாத வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே பூவைப் படுக்கவைத்து, மேலும் கீழும் பழைய பேப்பரை அடுக்கி, தலையில் கனம் ஏற்றுங்கள். என்னிடம் பி.காம். படித்த காலத்து காஸ்ட் அக்கவுன்ட்டிங் புத்தகம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது எனக்குப் பிரயோஜனப்பட்டது இந்த விஷயத்தில்தான்.

முதல் வாரம் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தாளை மாற்றுங்கள். சூட்சுமமே இதுதான். ஈரம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு நிறம் தங்கும். சோம்பேறித்தனம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஸ்கூல் நோட்டில் மயிலிறகை வைத்து, குட்டி போடும் என்று பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டுக் காத்திருந்தவர்கள்தானே நாம்? அந்தப் பொறுமையில் கால்வாசி போதும். இரண்டு மூன்று வாரத்தில் பூ காகிதமாக மொடமொடக்கும். தாள் எதுவும் வைக்காமல் நல்ல புத்தகத்துக்குள் நேராகச் செருகாதீர்கள். சாறு இறங்கிப் பக்கம் கறையாகும்.

அப்புறம் கெட்டி அட்டையில் ஆறங்குலத்துக்கு இரண்டங்குலம் வெட்டி, ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, பல் குத்தும் குச்சியால் புள்ளி புள்ளியாகத் தொட்டு ஒட்டுங்கள். மேலே, ஒரு பக்கம் பசையோடு வரும் கண்ணாடித்தாளை ஒட்டினால் போதும். கடை லேமினேஷன் சூட்டில், ஈரம் மிச்சமுள்ள பூ பழுப்படித்துவிடும். உச்சியில் ஒரு ஓட்டை, ஒரு நூல். முடிந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் போகும். ஆகவே அதற்குப் பாதுகாப்பான இடம் புத்தகத்தின் உள்ளேதான்.

'இதெல்லாம் எதற்கு, கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்குமே' என்பவர்களுக்கு என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணம் பக்கத்துக்காரர். அப்பா போனபிறகு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பாகத்தில் தகராறு. கடைசியில் வீட்டை விற்றுப் பணத்தைப் பைசா சுத்தமாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோனது. கிரயப் பத்திரத்தில் கிணறு எழுதியிருந்தது, தென்னைமரம் எழுதியிருந்தது. கொல்லையில் இருந்த பவழமல்லி மட்டும் இல்லை. அதற்கு ஏது மார்க்கெட் ரேட்?

சாவியைக் கொடுக்கப்போன அன்று விடிகாலையில், தரையில் உதிர்ந்து கிடந்ததைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு வந்து, ஈரத்தை ஒற்றி எடுத்து அழுத்திவைத்தார். பவழமல்லியில் ஒரு விசேஷம். வெள்ளை இதழ் காய்ந்தால் பழுப்பாகும், ஆரஞ்சுக் காம்பின் நிறம் நிற்கும். அந்தக் காம்பிலிருந்து ஒரு காலத்தில் துணிக்குச் சாயமே எடுத்திருக்கிறார்கள்.

மூன்று புக்மார்க் செய்தார். பின்பக்கம் தெருப் பெயர், தேதி. ஒன்று தனக்கு, ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. கூரியரில் அனுப்பினார். கடிதம் எதுவும் வைக்கவில்லை.

நாலாம் நாள் அண்ணனிடமிருந்து போன்.

"அம்மா பெருக்கப் பெருக்க விழுந்துகிட்டே இருக்குமே, அதாடா?"

"ஆமாண்ணே."

அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லையாம். ஆனால் போனை வைக்கவும் இல்லை. வர்ற பொங்கலுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லியிருக்கிறார். தம்பியிடமிருந்து பதில் இல்லை. கூரியர் திரும்பியும் வரவில்லை. அது ஒரு நல்ல அறிகுறி என்கிறார் நண்பர்.

ஆகவே பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். எங்கே பறித்தது, யாரோடு இருந்தபோது, என்றைக்கு என்று சின்னதாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். பஸ் டிக்கெட்டிலும் தேதி இருக்கும்தான். ஆனால் அது கண்டக்டர் போட்ட தேதி.