முள்ளெலிக்குப் பழம் எவ்வளவு?

காம்பாரில் படிக்கும் என் அண்ணன் மகள் ‘லண்டாக் மினி’ ஒன்று வளர்க்கிறாள். “சித்தப்பா, இதுக்குத் தினமும் பழம் கொடுக்கலாமா?” என்று கேட்டாள். பெயரால் வரும் குழப்பம் இது.

மலாயில் ‘லண்டாக்’ என்றால் முள்ளம்பன்றி. அது கிழங்கும் பழமும் கொறிக்கும் பிராணி. லண்டாக் மினியோ முள்ளெலி. பூச்சி தின்னும் இனம். பழம் அதற்குச் சாப்பாடு அல்ல, தின்பண்டம் மட்டுமே.

வாரம் 1 அல்லது 2 முறை, ஒரு சிறு தேக்கரண்டி போதும். பப்பாளி, ஆப்பிள், தர்பூசணி கொடுக்கலாம். தோல், விதை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டு மேலண்ணத்தில் சிக்கிக்கொள்ளும். தம்புன் பொமெலோ நமக்குப் பெருமைதான். ஆனால் பொமெலோ, ஆரஞ்சு, எலுமிச்சை முள்ளெலிக்கு வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை, அவகாடோ கூடவே கூடாது. பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும்.

பழத்தின் இனிப்பு கூடினால் உடல் பருக்கும். கொழுத்த முள்ளெலியால் முழுதாகச் சுருள முடியாது. சுருள்வதுதான் அதன் தற்காப்பு.

அது இரவில் உண்ணும் பிராணி. மிச்சப் பழத்தைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். நம்மூர் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். ஓர் இரவு முழுக்க எதையும் தொடவில்லையா? பழத்தைக் காட்டி ஆசை காட்டாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.