வழக்குரைஞர் ஆவதற்கான ஆயத்தம் கலைக் கல்லூரியிலேயே தொடங்கட்டும்

பி.ஏ. தமிழோ, பி.எஸ்சி. வேதியியலோ, பி.காமோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவர், "அடுத்து சட்டம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் இரண்டு விதமான பதில்கள் வரும். "அதற்கெல்லாம் பிளஸ் டூ முடித்தவுடனே கிளாட் எழுதியிருக்க வேண்டும்" என்பது ஒன்று. "முதலில் டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்பது இன்னொன்று. முதல் பதில் நம்மை வாசலிலேயே நிறுத்துகிறது. இரண்டாவது, கையில் இருக்கும் மூன்று ஆண்டுகளைக் கரைக்கிறது. இரண்டையும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கே விண்ணப்பக் கட்டணம் 3,500 ரூபாய் வரை வாங்கியிருக்கிறார்கள். பயிற்சி மையங்களுக்கு ஆகும் செலவு தனி. பதினேழு வயதில் இதையெல்லாம் தாண்டிப் போகிறவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி இடம் தருகிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நீதிமன்றத்துக்குள் நுழைந்த வழி பெரும்பாலும் இதுதான். இதை இரண்டாந்தர வழி என்று நினைக்கும் மனநிலையை முதலில் விட்டொழிக்க வேண்டும்.

இங்கே நம் தோழர்களிடம் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போராட்டத்தில் நிற்கும் மாணவர்களிடம் "மதிப்பெண்ணா முக்கியம்?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் அறிவை அளக்க முடியாது என்பது சரிதான். ஆனால் சட்டக் கல்லூரி இடம் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி பட்டப்படிப்பில் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. இடம் கிடைக்க இதைவிட அதிகம் வேண்டும். முதல் செமஸ்டரில் விழும் அரியர் கடைசி ஆண்டில் வந்து நம் காலை வாரும். எனவே தேர்வுக்கு முந்தைய மாதம் மாணவர்களைக் கூட்டங்களுக்கு அழைக்காமல் இருப்பதும் இயக்க வேலைதான்.

சட்டம் படிக்க இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று எதுவும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தது பொருளாதாரமும் அரசியலும். 1922இல் அவர் பாரிஸ்டர் ஆனபோது, கொலம்பியாவிலும் லண்டனிலும் அவர் பயின்ற பொருளாதாரமும் சமூகவியலும் அவருடன் வந்தன. ஒரு பட்டம் வழக்கில் எப்படிப் பயன்படும் என்பதைப் புரிந்துகொள்ள நம் காலத்து வழக்கு ஒன்றையே பார்க்கலாம்.

2015 ஜூனில் பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ் கொல்லப்பட்டு, உடல் நாமக்கல் மாவட்டத்தில் ரயில் தண்டவாளத்தில் வீசப்பட்டது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த பெண்ணுடன் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த "குற்றம்". வழக்கின் முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார். சாதி ஆணவக் கொலை வழக்குகள் பலவும் சரிவது இந்த இடத்தில்தான். ஆனால் கோகுல்ராஜின் தாய் சித்ரா விடவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. அவர் கேட்டபடி மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் அரசு சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியச் சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது.

இந்த வழக்கில் எத்தனை படிப்புகள் வேலை செய்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சிசிடிவி பதிவைச் சான்றாக ஏற்க வைக்க, மின்னணுப் பதிவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். கணினி அறிவியல் படித்தவருக்கு அது கைவந்த விஷயம். உடற்கூராய்வு அறிக்கையைக் கேள்வி கேட்க விலங்கியல் படித்தவருக்குத் துணிவு வரும். சாட்சி ஏன் அஞ்சுகிறார், ஊர் எப்படி மிரட்டுகிறது என்பதை சமூகவியல் மாணவர் விளக்குவார். சாட்சி பேசும் வட்டார வழக்கில் ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்பதைத் தமிழ் படித்தவர் பிடித்துவிடுவார்.

பட்டப்படிப்புக் காலத்திலேயே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறது. யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். விடுமுறையில் மாதம் ஒருநாள் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்காருங்கள். குறுக்கு விசாரணை என்றால் என்ன என்பது திரைப்படத்தில் பார்த்ததுபோல் இருக்காது.

அரசமைப்புச் சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் உரைநூல் வழியாக இல்லாமல் மூலத்திலேயே படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சிறியது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை தரும் பிரிவு 4, முன்பிணையை மறுக்கும் பிரிவு 18, 2015 திருத்தத்தில் வந்த பாதிக்கப்பட்டோர் உரிமைகள் பற்றிய பிரிவு 15ஏ ஆகிய மூன்றும் மனதில் இருந்தாலே காவல் நிலையத்தில் நிற்கும் விதம் மாறும்.

மனு எழுதிப் பழகுங்கள். விடுதியில் தண்ணீர் வரவில்லை, கல்வி உதவித்தொகை வரவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். தேதி, இடம், நடந்தது, கேட்பது என்று வரிசையாக, கோபத்தை அடக்கி ஒரு பக்கத்தில் எழுதுவதுதான் பிற்காலத்தில் புகார் எழுதவும் பிரமாணப் பத்திரம் எழுதவும் அடிப்படை.

ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள். விசாரணை நீதிமன்றத்தில் தமிழில் வாதிடலாம். ஆனால் உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று போராடுவோம். அதுவரை எதிர்த்தரப்பு வைக்கும் தீர்ப்பைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். ஒரு தீர்ப்பை எடுத்து, நாளுக்கு இரண்டு பக்கம் அகராதியுடன் படித்தால் மூன்று ஆண்டில் அந்த அச்சம் போய்விடும்.

பணம்தான் பெரிய தடை, மறுக்கவில்லை. ஆனால் சில கதவுகள் திறந்திருக்கின்றன. வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வசூலித்து வந்ததை 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் தடுத்தது. சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதே ஆண்டு ஜூனில், இளம் வழக்கறிஞர்களுக்கு மூத்தவர்கள் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. இது எத்தனை அலுவலகங்களில் நடக்கிறது என்று இயக்கத்தைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர்கள் தங்களிடமிருந்தே கேட்கத் தொடங்கலாம்.

எல்லாவற்றையும் மாணவர் தலையிலேயே சுமத்துவது நியாயமில்லை. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கார் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் நேரில் நடந்துபோய் இதைச் செய்திருப்பார்களா என்று ஐயப்பட்ட உயர்நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுவித்தது. அப்படி ஒரு ஐயம் எழும்போது எழுந்து நின்று பதில் சொல்ல நம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்றால், அதற்கான ஏற்பாட்டை நாம் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அம்பேத்கர் படிப்பகம், வாரம் ஒருமுறை ஒரு தீர்ப்பு வாசிப்பு, விண்ணப்பக் காலத்தில் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வாங்கித் தர ஒரு தோழர். இவ்வளவு போதும், இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.