தட்டப்படும் கதவு



யுத்தம், பஞ்சம், பகை என்று செய்திகள் வரும்போதெல்லாம், "இவை கடைசிக் காலத்தின் அடையாளங்கள்" என்று சொல்லி அமர்ந்துவிடுகிறோம். அடையாளங்களை அறிவது நல்லதே. ஆனால் அந்த அறிவு அயலானைக் கைவிடுவதற்குச் சாக்காகுமானால், அது விசுவாசம் அன்று.

1940 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் தேசம் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் பணிந்தது. அந்நாட்களில் லெ ஷாம்போன் என்னும் மலையூரின் போதகர் ஆந்திரே ட்ரோக்மே, தீமையை ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்த்து நிற்கும்படி தம் சபையாருக்குப் பிரசங்கித்தார். அந்தக் குளிர்காலத்தில் யூத அகதிப் பெண் ஒருவர் குருமனையின் கதவைத் தட்டினார். போதகரின் மனைவி மக்தா அவரை உள்ளே அழைத்துக்கொண்டார். பின்னர் அவ்வூராரும் சுற்றுக் கிராமத்தாரும் ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். யூதரின் பெயர்களைக் கேட்ட அதிகாரிகளிடம் போதகர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. 1943-இல் அவர் கைதுசெய்யப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார்.

அவர்களால் யுத்தத்தை நிறுத்த இயலவில்லை. கதவைத் திறக்க இயன்றது. பிரசங்கபீடத்தில் சொல்லப்பட்ட வார்த்தை வீட்டு வாசலில் மெய்யானது. சாட்சி என்பது இதுவே.

நம் வாசலிலும் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் எந்த மதம், எந்தச் சாதி, எந்தச் சபை என்று விசாரித்த பின்னரே திறக்கும் கதவு கிறிஸ்துவின் கதவு அன்று. நல்ல சமாரியன், காயப்பட்டுக் கிடந்தவனிடம் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. இந்த வாரம் நம் கதவு யாருக்குத் திறக்கும்?

திறக்கும் கிருபையைத் தேவன் நமக்குத் தருவாராக. ஆமென்.