ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குள் இருக்கும் செல் பாடம்

உலக சுகாதார நிறுவனம் வகுத்த விகிதத்தில் இல்லாத எந்தப் பானமும் ‘ஓ.ஆர்.எஸ்.’ (வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முன்பு, ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும், பெயரை வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதில் அந்தச் சலுகை பறிபோனது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. ஆனால், சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதோடு இதை முடித்துவிட முடியாது. சர்க்கரைப் பானம் மருந்துக்கடை அலமாரியில் மருந்தின் பெயரோடு உட்கார்ந்திருக்க, படித்தவர்களும் அதையே வாங்கிப் பேதியாகும் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ‘உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தானே, கொஞ்சம் சர்க்கரை கூடினால் என்ன?’ என்ற எண்ணம்தான் அந்த வியாபாரத்தின் முதலீடு. ‘பேதியானால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்’ என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். ஏன் அந்த அளவு என்று சொன்னதே இல்லை. அந்த ‘ஏன்’, ஒவ்வொரு மாணவரும் படித்துத் தேர்வெழுதும் செல் பாடத்தில்தான் இருக்கிறது. படம் வரைந்து பாகம் குறிக்கும் பாடமாகவே அதை முடித்துவிடுவதற்கு நாம் கொடுக்கும் விலை சிறியதல்ல என்பது என் கருத்து.

அந்தப் பாடம் என்ன சொல்கிறது? செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்த மெல்லிய சவ்வு. கொழுப்பு என்பதால் உப்பின் அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது, சர்க்கரையாலும் முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல்கள். சிறுகுடலின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் செல்களில் இந்த வாசல்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ரத்தத்தை நோக்கிய பக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ 1957-ல் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1997-ல்தான் வந்தது. இந்த பம்ப் ஓயாமல் இயங்குவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. எனவே குடலுக்குள் இருக்கும் சோடியம் செல்லுக்குள் பாயத் துடிக்கிறது. அந்தப் பக்கத்தில் அதற்குத் திறந்திருக்கும் முக்கியமான வாசலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு சோடியம் அயனிகளோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். இப்படி இரண்டும் சேர்ந்தே நுழைகின்றன என்பது, 1960-ல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்த கருதுகோள். தண்ணீரை நேராக இழுக்கும் பம்ப் எதுவும் குடலில் இல்லை. உப்பும் சர்க்கரையும் போன திசையில், சவ்வூடு பரவல் விதிப்படி தண்ணீர் பின்தொடர்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காலரா வருகிறது. அந்தக் கிருமி வெளியிடும் நச்சுதான் பேதிக்குக் காரணம் என்பதை 1959-ல் கொல்கத்தாவில் நிரூபித்தவர் சம்பு நாத் தே; நம் பாடநூல்கள் போதிய இடம் தராத பெயர். அந்த நச்சு குடல் செல்லின் குளோரைடு வாசலை மூட முடியாதபடி திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் அதன் பின்னே போகின்றன. நோயாளி சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை இழக்கிறார். ஆனால், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் அந்த மற்றொரு வாசலை நச்சு தொடுவதில்லை. சிகிச்சை முழுவதும் இந்த ஒரே உண்மையின் மீது நிற்கிறது. வெறும் உப்பு நீர் கொடுத்தால் அந்த வாசல் திறக்காது. வெறும் இனிப்பு நீர் கொடுத்தால் கூடச் செல்ல வேண்டிய சோடியம் போதாது. சர்க்கரை மிதமிஞ்சினாலோ உறிஞ்சப்படாத மிச்சம் குடலிலேயே தங்கி, உடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. அதாவது, மருந்தாக நினைத்துக் கொடுத்ததே பேதியைக் கூட்டுகிறது. 2002-ல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். கரைசலின் மொத்தச் செறிவு (லிட்டருக்கு மில்லி ஆஸ்மோல் கணக்கில்) 245. ரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 290. கரைசல் ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் தண்ணீர் உள்நோக்கிப் போகிறது. முந்தைய கலவையின் செறிவு 311. அந்த வித்தியாசத்துக்காக உலகம் முழுவதும் பாக்கெட்டை மாற்றினார்கள். வழக்கமான குளிர்பானத்திலோ லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை, சோடியம் பெயரளவுக்கு. ‘கொஞ்சம் கூடினால் என்ன’ என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

காரணம் தெரிவது எத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இந்த மருத்துவத்தின் வரலாறே சாட்சி. ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற கொல்கத்தா மருத்துவர், வாய்வழியாக உப்பும் குளுக்கோஸும் கொடுத்துக் காலரா நோயாளிகள் 186 பேருக்குச் சிகிச்சை அளித்ததை 1953-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பது ஒரு குறை. அது ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல அன்று யாரிடமும் விளக்கம் இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. கிரேனின் கருதுகோளும் அதைத் தொடர்ந்த குடல் ஆய்வுகளும் வந்த பிறகு, 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் செய்த சோதனையை உலகம் காது கொடுத்துக் கேட்டது. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா வெடித்து, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் டிரம்களில் கரைசலைக் கலக்கச் சொல்லி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையால் புகட்ட வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகச் சரிந்தது. ஊசியும் போதவில்லை, பயிற்சி பெற்ற செவிலியரும் போதவில்லை. விகிதம் மட்டும் சரியாக இருந்தது. அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது 2023-ல், இறந்த பிறகு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வாசல், அயனி என்பதெல்லாம் மருத்துவர் அறிந்தால் போதாதா? தாய்மார்கள் செய்முறையைக் கற்றால் போதுமே. வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு அப்படித்தானே வென்றது? 1980-களில் அந்த அமைப்பின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்துபோய், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கற்பித்தது உண்மை. ஆனால், அந்தத் திட்டத்தின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். பெண்கள் கரைசலைச் சரியாகக் கலக்கக் கற்றுக்கொண்டார்கள். பேதி வந்தபோது பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. காரணம் தேடியபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதும், தங்களுக்குப் பேதியானால் அவர்கள் மாத்திரையைத்தான் நாடினார்கள் என்பதும் தெரியவந்தது. கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கினார்கள். அது திட்டத்தின் திருப்பங்களில் ஒன்றானது. செய்முறை கைக்குப் போதும், மனதுக்குக் காரணம் வேண்டும். நம் நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), பேதியான குழந்தைகளில் சுமார் 61 சதவீதத்தினருக்கே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தது. கர்நாடகத்திலும் பிஹாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம் நடத்தி, 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அவர்கள் ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுக்காததற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தது. இருப்பு இல்லாமையும் லாப நோக்கும் சிறு பங்குதான். ‘நோயாளிகள் இதை விரும்ப மாட்டார்கள்’ என்ற எண்ணமே 42 சதவீதத்தை விளக்கியது. ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு அது எழுதப்படுவது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது. கேட்கத் தெரிந்த பெற்றோர், மருத்துவரின் சீட்டையே மாற்றிவிடுகிறார்கள்.

‘கொடுத்தும் பேதி நிற்கவில்லையே’ என்பது அடுத்த புகார். ‘குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்ற வற்புறுத்தல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. (அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்ட, வாயால் குடிக்க முடியாத நோயாளிக்கு நரம்பில் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதில் தயக்கம் கூடாது.) ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்தே அல்ல. குளோரைடு வாசல் திறந்தேதான் இருக்கும்; இழந்ததை இன்னொரு வாசல் வழியாக ஈடு செய்கிறோம். அப்படியானால் பேதியை நிறுத்துவது எது? இங்கே செல் பாடத்தின் இன்னொரு பகுதி, மாணவர்கள் கட்டம் கட்டமாக மனப்பாடம் செய்யும் செல்பிரிவு, உயிரோடு வந்து நிற்கிறது. குடலுறிஞ்சிகளின் அடிக்குழிகளில் இருக்கும் குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. புதுச் செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, முதிர்ந்து, மூன்று முதல் ஐந்து நாள்களில் நுனியிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. நச்சு தாக்கிய செல்லும் அப்படியே போய்விடுகிறது. ரோட்டா வைரஸ் தாக்குவது நுனியிலுள்ள முதிர்ந்த செல்களை. அடியிலிருந்து புதியவை ஏறிவந்து அந்த இடத்தை நிரப்பச் சில நாள்கள் பிடிக்கும். அந்த நாள்களைக் குழந்தை நீரிழப்பில்லாமல் கடக்க வைப்பதுதான் கரைசலின் வேலை. கூடவே துத்தநாக மாத்திரையை 14 நாள் தரச் சொல்வதும், தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள் என்பதும், குடலின் உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் துணைசெய்யத்தான். இது புரிந்த பெற்றோர் இரண்டாம் நாள் பதறிப்போய் ஆன்டிபயாடிக் கேட்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சியைக் கொடுத்துத்தானே வளர்த்தார்கள், அதற்கு எந்தச் செல் பாடம் தேவைப்பட்டது என்று கேட்பவர்களும் உண்டு. கஞ்சி நல்லதுதான், அதற்கும் காரணம் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. அரிசியின் மாவுப்பொருள் பெரிய மூலக்கூறு என்பதால் கரைசலின் செறிவை ஏற்றாமல், குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸைத் தருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் இதற்கு ஒரு படி மேலே போனார்கள். எளிதில் செரிக்காத மாவுப்பொருளை ஓ.ஆர்.எஸ். கரைசலோடு சேர்த்தால் அது பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் கொழுப்பு அமிலங்களாக மாறி, அங்கேயும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்ச வைக்கும் என்பது அவர்கள் வாதம். காலரா நோயாளிகளிடம் அது பலனளித்ததை 2000-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. ஆனால், பழக்கத்தால் மட்டும் கஞ்சியைப் பிடித்திருந்தவர்கள், பளபளப்பான டெட்ரா பேக் பானம் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். இரண்டையும் ஒப்பிட அவர்களிடம் அளவுகோல் இருக்கவில்லை.

பாடச்சுமை ஏற்கெனவே முதுகை முறிக்கிறது, நுழைவுத் தேர்வுக் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற ஆசிரியர்களின் குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால், நான் கேட்பது கூடுதல் பாடம் அல்ல. பரவல், சவ்வூடு பரவல், ஆற்றல் செலவழிக்கும் கடத்தல் ஆகியவை ஏற்கெனவே பாடத்தில் இருக்கின்றன. தேர்வில் ‘வேறுபடுத்துக’ என்று கேட்கப்படுகின்றன. அந்த ஒரு கேள்வியை மாற்றலாம். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒரு பழச்சுவைப் பானத்தின் பின்பக்கத்தையும் அச்சிட்டு, பேதியான குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாது, ஏன் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். பாக்கெட்டுகளிலும் வேலை மிச்சமிருக்கிறது. ஒரு லிட்டருக்கானது, 200 மில்லிலிட்டருக்கானது என இரு அளவுகள் கடையில் கிடைக்கின்றன. பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டினால் செறிவு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடும். மருந்தே குளிர்பானத்தின் தவறைச் செய்யும். பொடியெழுத்தில் இருக்கும் அந்த அளவை, பாக்கெட்டின் முன்பக்கத்தில், ஒரு முழு லிட்டர் பாட்டிலின் படத்தோடு, தமிழில் அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். பெயரைப் பறிக்க ஆணையத்தால் முடிந்ததென்றால், இதற்கும் ஒரு உத்தரவு போதும்.